நாற்பது வயதில் மீண்டும் மாயாவி: முத்து, லயன் காமிக்ஸுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்ற தமிழ்ப் படக்கதை இதழ்களோடு வளர்ந்தவர்கள் நாற்பதைத் தாண்டியதும் ஏதோ ஒரு நாளில் மறுபடி அவற்றைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பரண் சுத்தம் செய்யும்போது அட்டை இல்லாத ஓர் இதழ் கையில் சிக்கியிருக்கும். இல்லையென்றால், யாரோ பேச்சுவாக்கில் 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லியிருப்பார்கள். அது போதும், அன்று இரவு தூக்கம் போய்விடும்.

அப்புறம் பெரும்பாலானோர் செய்வது ஒரே காரியம்தான். சிறுவயதில் வைத்திருந்த அதே இதழ், அதே அட்டையோடு வேண்டும் என்று சொன்ன விலையைக் கொடுத்து வாங்குவார்கள். வந்த அன்றே பிரித்துப் படிப்பார்கள். இருபது பக்கம் போவதற்குள் 'இதையா அப்படிக் கொண்டாடினோம்' என்று தோன்றும். புத்தகம் அலமாரிக்குப் போகும், ஆசையும் அதோடு அடங்கும்.

இது கதையின் குற்றமும் இல்லை, உங்கள் வயதின் குற்றமும் இல்லை. எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்ற வரிசை தப்பிவிட்டது, அவ்வளவுதான். பழைய இதழ் வேட்டை ஐந்தாவது படியில் வரவேண்டிய விஷயம். அதை முதல் படியாக்கினால் பணமும் போகும், நினைவும் கெடும். ஆகவே இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

முதல் படி: நீங்கள் படித்தது எது?

'சின்ன வயசில் மாயாவி படித்தேன்' என்று ஒருவர் சொன்னால், எந்த மாயாவி என்று கேட்க வேண்டியிருக்கிறது. மின்சாரத்தைத் தொட்டால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்குமா? அது முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி. காட்டுக்குள் மண்டையோட்டுக் குகை, முகமூடி, குதிரை, நாய், மோதிர முத்திரை என்றால் அது ராணி காமிக்ஸில் 'மாயாவி' என்ற பெயரில் உலவிய ஃபேண்டம். வேறு இதழ்களில் அவரே வேதாளர். இரண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நினைவில் குழம்பிப்போய், வேண்டாததை விலை கொடுத்து வாங்கியவர்கள் நிறைய உண்டு.

காலக்கணக்கு கொஞ்சம் தெரிந்தால் தேடுவது எளிது. சிவகாசியில் மு. சவுந்திரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். ஆரம்ப காலத்தில் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். 1984 ஜூலையில் சவுந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் சாகச நாயகி மாடஸ்டி பிளைசி. அதே ஆண்டில்தான் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. 2005 வரை ஓடியது. திகில், மினி லயன், ஜூனியர் லயன் எல்லாம் எண்பதுகளில் லயன் குடும்பத்தில் பிறந்த தம்பிகள்.

ஆக, நீங்கள் எழுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர் என்றால் பெரும்பாலும் முத்து, மாயாவி, சி.ஐ.டி. லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ, ரிப் கெர்பி. எண்பதுகளின் பிள்ளை என்றால் ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக். மாதத்துக்கு இரண்டு முறை பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாங்கிய நினைவு இருந்தால் ராணி.

பெயர் மறந்திருந்தாலும் கவலையில்லை. ஒரு தாளில், நினைவிருக்கும் படங்களை எழுதுங்கள். முதுகில் விசைப்பெட்டி கட்டிக்கொண்டு, கூர்காதோடு, வலைத்துப்பாக்கி வைத்திருந்தவன்? ஸ்பைடர். உடைந்த மூக்கோடு குதிரையில் திரிந்த, தாடி வளர்ந்த ராணுவக்காரன்? கேப்டன் டைகர், பிரெஞ்சில் அவர் பெயர் ப்ளூபெரி. கட்டம் போட்ட கோட்டு, மஞ்சள் போர்ஷே கார், கூடவே ஒரு கமிஷனர்? ரிப்போர்ட்டர் ஜானி; பிரெஞ்சில் ரிக் ஹோஷே. வெளிநாட்டு மூலப் பெயர் தெரிந்துவிட்டால் இணையத்தில் தேடுவது பத்து மடங்கு சுலபம்.

இரண்டாம் படி: பழைய நாயகனைத் தொடாதீர்கள், முதலில் வேறொன்று

இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். மாயாவியைத் தேடி வந்தவனிடம் வேறு எதையோ நீட்டுகிறானே என்று. ஆனால் இருபத்தைந்து வருடமாகக் காமிக்ஸ் படிக்காத கண்ணுக்கு, படமும் வசனமும் ஒன்றாகப் படிக்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். வசனம் இருக்கும் பலூனை மட்டும் வரிசையாகப் படித்துவிட்டுப் பக்கம் திருப்புவோம். படத்தைப் பார்க்கவே மாட்டோம். அந்த நிலையில் பழைய கதையைப் படித்தால் வெறும் வசனம்தான் மிஞ்சும், அதுவும் பழைய வசனம். அதனால்தான் சப்பென்று இருக்கிறது.

கண் பழக வேண்டும். அதற்கு, வயது வந்தவரையும் உட்கார வைக்கும் கதை ஒன்று தேவை. என் சிபாரிசு இரண்டு: டெக்ஸ் வில்லர் அல்லது லக்கி லூக். முன்பின் தமிழில் காமிக்ஸ் படித்தே இராதவர்களுக்கும் இதே இடம்தான் நல்ல வாசல்.

டெக்ஸ் 1948-ல் இத்தாலியில் ஜியான் லூய்ஜி பொனெல்லி எழுதி, ஆரேலியோ கலெப்பினி வரைந்து தொடங்கிய கௌபாய். இன்று வரை மாதந்தோறும் அங்கே வந்துகொண்டிருக்கிறார். தமிழில் 1985-ல் லயனில் நுழைந்தார். நவஹோ செவ்விந்தியர்களின் தலைவராக அவருக்கு 'இரவுக் கழுகு' என்று பெயர். கூட்டாளி கிட் கார்சனை வாசகர்கள் செல்லமாக 'வெள்ளிமுடியார்' என்பார்கள். டெக்ஸ் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்கதை தெரிய வேண்டியதில்லை. எந்த இதழை எடுத்தாலும் படிக்கலாம். நல்லவன் யார், கெட்டவன் யார் என்பது மூன்றாம் பக்கத்தில் தெரிந்துவிடும். மீதியெல்லாம் எப்படி என்பதுதான். அலுவலகத்தில் நாளெல்லாம் 'ஒரு பக்கம் பார்த்தால் சரி, இன்னொரு பக்கம் பார்த்தால் தப்பு' என்று மண்டையைக் குழப்பிக்கொண்டு வந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

லக்கி லூக் வேறு ரகம். பெல்ஜியத்தின் மோரிஸ் 1946-ல் படைத்தது. பிறகு கோஸினி பல வருடம் கதை எழுதினார். சின்ன வயதில் டால்டன் சகோதரர்கள் நால்வரும் உயர வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரித்திருப்போம். இப்போது படித்தால் வேறு இடங்களில் சிரிப்பு வருகிறது. சவ அடக்கக்காரர் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு அளவு எடுக்க வருவார், ஓரமாக. அந்த ஓரத்தைத்தான் பத்து வயதில் நாம் பார்க்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடமாவது செலவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: இப்போது மாயாவி

கண் பழகியாயிற்றா? சரி, இனி உங்கள் ஆளிடம் போகலாம். ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இது வெறும் அபிப்பிராயம் இல்லை, அந்தக் கதைகள் உருவான விதமே அப்படி.

இரும்புக்கை மாயாவி 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' என்ற வாராந்தரியில் தொடராக ஆரம்பித்தது. எழுதியவர்கள் கென் பல்மர், அவருக்குப் பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம்தான் இடம். பையன் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், அந்த இரண்டு மூன்று பக்கம் முடியும் இடத்தில் நாயகன் ஏதாவது ஒரு ஆபத்தில் தொங்கியே ஆகவேண்டும். தமிழில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து முழுநீளக் கதையாகக் கொடுத்தார்கள். அதனால்தான் மூன்று பக்கத்துக்கு ஒரு முறை மாயாவி மாட்டுகிறார், நான்காம் பக்கத்தில் தப்புகிறார். ஒரே இரவில் படித்தால் இது அலுக்கும். நாளைக்கு ஆறேழு பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஆபத்தான கட்டத்தில் மூடிவையுங்கள். பத்து வயதில் வாடகை நூலகத்தில் அண்ணன் பிடுங்கிக்கொண்டு போனதால் நாம் அப்படித்தான் படித்தோம்!

படிக்கும்போது கவனிக்க ஒன்று. மாயாவி ஆரம்பத்தில் நல்லவரே இல்லை. லூயிஸ் கிராண்டெல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர், விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்தப்பட்டவர். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துபோகிறது. அந்தச் சக்தி கிடைத்ததும் அவர் புத்தி நேராகத் திருட்டுக்கும் மிரட்டலுக்கும்தான் போகிறது. பிற்பாடுதான் நிழற்படை என்ற ரகசிய உளவு அமைப்பின் ஏஜென்ட் ஆகிறார். சிறுவயதில் இதையெல்லாம் யார் கவனித்தோம், கை மட்டும் மிதந்தால் போதும் நமக்கு. இப்போது படிக்கும்போது, பிளாஸ்கோ அந்த முகத்தில் போட்டிருக்கும் நிழல்களைப் பாருங்கள். கதையில் ஓட்டைகள் உண்டு: அப்படி மறையும்போது உடையும் ஏன் மறைகிறது என்று கேட்கக்கூடாது. ஆனால் அந்தக் கறுப்பு மைக்கு இன்றைக்கும் வயதாகவில்லை.

ஸ்பைடர் விஷயத்தில் எதிர்பார்ப்பைத் தரையில் வைத்துக்கொண்டு போங்கள். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவன், ஹெலிகாரில் பறக்கிறான், பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு எடுபிடிகள். தர்க்கம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஒரு சுவாரசியம்: டெட் கோவன் தொடங்கிய இந்தத் தொடரைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கே ஒரு ருசி வந்துவிடுகிறது. நான் ஸ்பைடரைச் சத்தமாக வாசிப்பேன், அதுதான் சரியான முறை.

மாடஸ்டியும் ஜேம்ஸ் பாண்டும் நாளிதழ்ப் படத்தொடர்களிலிருந்து வந்தவை. அந்நாளைய தமிழ்ப் பதிப்புகளைக் கூர்ந்து பார்த்தால் சில கட்டங்களில் பெண்களின் உடையைச் சிவகாசியிலோ சென்னையிலோ யாரோ மைதொட்டு நீட்டிவிட்டிருப்பது தெரியும். கோட்டின் தடிமனே காட்டிக்கொடுத்துவிடும். மூலத்தையும் தமிழையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தனிப் பொழுதுபோக்கு.

ஆங்கில மூலம் வேண்டுவோருக்கு: 'வேலியன்ட்' இதழை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனத்தின் பழைய தொடர்களை இப்போது ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் பதிப்பகம் புத்தகமாக வெளியிடுகிறது. இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் இரண்டுமே அதில் வந்திருக்கின்றன.

இந்தப் படியிலேயே உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் தப்பில்லை. ஆனால் வளர்ந்தவருக்கான விருந்து இனிமேல்தான் இருக்கிறது. கேப்டன் டைகரை எடுங்கள். ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்தது. 1963-ல் தொடங்கிய தொடர். 'தங்கக் கல்லறை' போதும் ஆரம்பிக்க. பாலைவனம், தாகம், பேராசை. அதில் வெயிலைக்கூட வரைந்திருப்பார் மனிதர். பத்து வயதில் இது நமக்குப் பிடிபட்டிருக்க வாய்ப்பில்லை. அது முடிந்ததும் 'மின்னும் மரணம்'. அப்புறம் 'இரத்தப் படலம்'. நினைவிழந்த ஒருவன் கரை ஒதுங்குகிறான், கழுத்தெலும்பருகே ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருக்கிறது. தமிழில் இதைப் பாகம் பாகமாக வருடக்கணக்கில் காத்திருந்து படித்த தலைமுறை ஒன்று உண்டு. 2010-ல் 18 பாகங்களையும் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டு புத்தகமாகப் போட்டபோது அவர்கள் பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. அதன் வண்ணத் தொகுப்பும் பிறகு வந்தது. ஒரே எச்சரிக்கை: இதை நடுவில் எடுக்காதீர்கள். முதல் பாகத்திலிருந்துதான்.

நான்காம் படி: எங்கே வாங்குவது

2000-களில் லயனும் முத்துவும் வருமா வராதா என்ற நிலையில் இருந்தன. 2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' சென்னைப் புத்தகக் காட்சியில் வந்தது. நூறு ரூபாய், நல்ல தாள், வண்ணம். அங்கிருந்து இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு மாயாவி, ஸ்பைடர், லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ கதைகள் பலவும் மறுபதிப்பாக வந்துவிட்டன. பழைய பாக்கெட் சைஸ் அல்ல, பெரிய அளவு. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது பெரிய உபகாரம்.

வாங்க மூன்று வழிகள். ஒன்று, சிவகாசியில் இருக்கும் பதிப்பகத்துக்கே நேராக ஆண்டுச் சந்தா கட்டுவது. வருட ஆரம்பத்துக்கு முன்னால் அட்டவணை வெளியிடுவார்கள். எந்தப் பிரிவில் எந்தெந்த நாயகர்கள் என்று பார்த்துக் கட்டலாம். மாதா மாதம் பார்சல் வீடு தேடி வரும். புதிதாக வருகிறவர் எடுத்த எடுப்பில் முழுச் சந்தா கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று மாதம் தனி இதழாக வாங்கி, எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இல்லையென்றால் பிரிக்காத பார்சல்கள் சேரும், அதைப் பார்த்தாலே குற்ற உணர்வு வரும், பொழுதுபோக்கு போய் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

இரண்டாவது, புத்தகக் காட்சி. ஜனவரியில் சென்னை, ஆகஸ்ட் வாக்கில் ஈரோடு. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி வாசகர்கள் லயன்–முத்து ஆசிரியர் விஜயனோடு கூடிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒரு முறை போய்ப் பாருங்கள். வங்கி மேனேஜர், லாரி உரிமையாளர், ஆசிரியர், டாக்டர் என்று தலை நரைத்தவர்கள் கூடி, டெக்ஸ் பெரியவரா டைகர் பெரியவரா என்று முகம் சிவக்கச் சண்டை போடுவார்கள். உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்கு என்ற கூச்சம் அங்கே பத்து நிமிடத்தில் போய்விடும்.

மூன்றாவது, இணையக் கடைகள். ஒரு விஷயம் நினைவில் வையுங்கள்: இவை கொஞ்சமாக அச்சடிக்கப்படுகிறவை. 'அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டால் சில இதழ்கள் கிடைக்காமலே போகும்.

ஸ்கேன் செய்த கோப்புகள் இலவசமாகச் சுற்றுகின்றன, தெரியும். எங்கும் கிடைக்காத, மறுபதிப்பே காணாத ஓர் எழுபதுகளின் இதழை யாரோ திரையில் காட்டினால் பார்ப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடையில் கிடைக்கும் இதழை அப்படிப் படிப்பது, இத்தாலிக்கும் பெல்ஜியத்துக்கும் உரிமைத்தொகை கட்டி அச்சடிக்கிற ஒரு சின்னப் பதிப்பகத்தின் வயிற்றில் அடிப்பது.

ஐந்தாம் படி: பழைய இதழ் வேட்டை

இங்கே வரும்போது உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்திருக்கும். ஆகவே கண்டதையும் வாங்கமாட்டீர்கள். ஒரு பட்டியல் போடுங்கள், பத்து பெயருக்குமேல் போகாமல். மறுபதிப்பு வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். வந்திருந்தால், உங்களுக்கு வேண்டியது கதையா அந்தப் பழைய தாளா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தாள்தான் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான ஆசைதான், வாங்குங்கள்.

சென்னையில் திருவல்லிக்கேணி நடைபாதைகளும் மயிலாப்பூர் லஸ் பக்கமும், கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகளும் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். கடையில் போய் நின்று, 'முத்து காமிக்ஸ் இருக்கா?' என்று கண்கள் மின்னக் கேட்டீர்களோ, தொலைந்தது. விலை அந்த நொடியே ஏறிவிடும். 'சின்னப் பசங்க புக்கு ஏதாச்சும் கிடக்கா அண்ணே?' என்று கேட்டுவிட்டு, பழைய வார இதழ்க் கட்டையும் சேர்த்துப் புரட்டுங்கள். அந்தக் கட்டுக்குள் சொருகிக் கிடக்கும். நல்லது கையில் கிடைத்தாலும் முகத்தில் காட்டாதீர்கள். வேறு இரண்டு புத்தகத்தோடு சேர்த்து நீட்டி, 'மொத்தமா என்ன?' என்று கேளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பழைய காமிக்ஸில் முதலில் போவது அட்டை, இரண்டாவது போவது கடைசித் தாள். கொலைகாரன் யார் என்று தெரியாமல் முப்பது வருடம் கழித்து இரண்டாம் தடவையும் தவிக்க வேண்டுமா? அடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து, தாள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கம்பிப் பின்னைப் பாருங்கள். துருப்பிடித்த பின்னைச் சுற்றித் தாள் பழுப்பாகி, விரல் பட்டாலே உதிரும் நிலையில் இருந்தால் நடுத்தாள் சீக்கிரமே கழன்றுவிடும். பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். போட்டிக் கூப்பனை வெட்டி எடுத்த ஓட்டை பின்பக்கக் கதையையும் தின்றிருக்கும். கதையின் பக்கங்கள் முழுதாக இருந்தால், வாடகை நூலக ரப்பர் ஸ்டாம்பும், 'இப்புத்தகம் 7-ம் வகுப்பு ஆ பிரிவு' என்ற கையெழுத்தும் ஒரு குறையே இல்லை. என்னைக் கேட்டால் அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

ஜெராக்ஸ் பிரதியை அசல் என்று யாராவது நீட்டினால் கண்டுபிடிப்பது சுலபம். தாள் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். கறை இருக்கும், ஆனால் அதுவும் அச்சாகி இருக்கும். தொட்டால் மேடுபள்ளம் தெரியாது. கம்பிப் பின் பளபளக்கும். அசல் அந்நாளைய நியூஸ்பிரின்ட். ஓரம் பழுப்பேறி நடு கொஞ்சம் வெளிறி இருக்கும், முகர்ந்தால் பழைய மையும் தூசும் கலந்த வாடை வரும்.

இணையத்தில் விற்பவரிடம் வாங்கினால் அட்டை, நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றுக்கும் படம் கேளுங்கள். தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். ஏலம் என்றால், உட்காருவதற்கு முன்பே ஒரு தொகையைத் தாளில் எழுதி வையுங்கள். அதற்குமேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். அதே இதழ் இன்னொரு நாள் இன்னொருவரிடம் வரும், வராமல் போகாது.

ஆறாம் படி: கெடாமல் வைத்திருக்க

நியூஸ்பிரின்ட் தானாகவே அமிலமாகிப் பழுப்பேறும் தாள். அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயிலும் ஈரமும்தான் எதிரிகள். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். சுவர் ஈரம் ஏறிவிடும். தரையிலும் வேண்டாம், கரையான் வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் மண்.

- புதிதாக வாங்கிய பழைய இதழை நேராக மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். பூச்சி தென்பட்டால் உறையோடு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், உறை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.
- துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள். அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். பழைய கணக்கு நோட்டு தைப்பதுபோலத்தான்.
- கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. சில வருடத்தில் மஞ்சளாகி, பசை எழுத்தில் இறங்கிவிடும். மெல்லிய தாள் கீற்றும் மைதாப் பசையும் மேல். அதையும் விட, கிழிசலை அப்படியே விட்டு உறையில் போடுவது மேல்.
- லாமினேஷன் வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது.

பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் ஓர் அட்டை, நிமிர்த்தி வைப்பது. ஓரத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏட்டுக்கும் பட்டுக்கும் வைத்த வசம்புத் துண்டை நானும் மூலையில் வைக்கிறேன். தாளில் நேராகப் படாமல் துணியில் முடிந்து வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட விரியுங்கள். வெயிலில் அல்ல.

ஏழாம் படி: வீட்டில் இருப்பவர்கள்

'இந்த வயசில பொம்மை புக்கா?' என்ற கேள்விக்கு வாதம் செய்யாதீர்கள். ஒரு லக்கி லூக்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் அது இடம் மாறியிருக்கும். கேட்காதீர்கள்.

பிள்ளைகளிடம் மட்டும் உங்கள் மாயாவியைத் திணிக்க வேண்டாம். நமக்கு அதில் இருக்கும் பாதி சுவை நம்முடைய கோடை விடுமுறை, அதை அவர்களுக்குக் கொடுக்க முடியாது. வண்ணத்தில் ஸ்மர்ஃப், சுட்டிப் பென்னி, மதியில்லா மந்திரி என்று ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். ஆங்கில வழியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குக் காமிக்ஸ் நல்ல மருந்து. 'டுமீல்', 'ணங்', 'சதக்' எல்லாம் அவர்களே சத்தம் போட்டு வாசிப்பார்கள், அந்த வேகத்தில் பலூனும் உள்ளே போய்விடும். நீங்கள் கதை சொல்லி வாசித்துக் காட்டும்போது கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர்கள் கண் நாலு கட்டம் முன்னால் ஓடி முடிவைச் சொல்லிவிடும்.

சேமித்துவைக்கும் உறையிட்ட இதழ்களையும், படிக்கிற மறுபதிப்புகளையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள். இரண்டாவது அலமாரி கைக்கெட்டும் உயரத்தில், எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். சாம்பார்க் கறை படட்டும். இரட்டைப் பிரதி சேர்ந்தால் விற்பதைவிட மாற்றிக்கொள்வது லாபம். ஈரோட்டுக்குப் போகும்போது பையில் நாலு எடுத்துப் போங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் ஒன்று எதிராளி பையில் இருந்தாலும் இருக்கும்.